மறைத்து வைத்த மரபணு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் நான் எழுதிய அறிவியல் சிறுகதையை வாசித்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பெண் கலைவாணி, ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்து டாக்டராகிறாள். கருவிலேயே அவள் மரபணுவைத் திருத்தியிருந்தார்கள் என்பது கடைசிப் பக்கத்தில், ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியவருகிறது. கேட்டவர்களுக்குக் கோபம். "அப்ப அவ படிச்சதெல்லாம் பொய்யா?" என்றார் ஓர் அக்கா. 'ஸ்டார் டிரெக்' வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொலைக்காட்சித் தொடரில் டாக்டர் பஷீருக்கும் இதேதானே நடந்தது? அதை மட்டும் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

சுங்கை சிப்புட் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1993இல் தொடங்கிய தொடர் அது. பஷீரின் இரகசியம் வெளிவந்தது 1997 பிப்ரவரியில். அந்த வேடத்தில் நடித்த அலெக்சாண்டர் சித்திக்கே பிரதி கைக்கு வந்த பிறகுதான் அறிந்தார். தனக்கு அது பிடிக்கவில்லை என்று பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்வையாளருக்கு மட்டும் உறுத்தாமல் இருக்குமா?

இருந்தும் அந்தக் கதை நின்றதற்குக் காரணம், நாம் கேட்க வேண்டியதை பஷீரே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறார். முதல் வகுப்பில் நாய்க்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறிய பையனை, ஏழு வயது ஆகுமுன் பெற்றோர் வேற்றுக் கிரகத்துக்குக் கொண்டுபோய் மரபணுவைத் திருத்தி மூளைத்திறனை மாற்றுகிறார்கள். 'என்னை நினைத்து வெட்கப்பட்டீர்களா' என்பதுதான் அவர் ஆத்திரம். அந்தக் கதை உலகில் அப்படித் திருத்துவது குற்றம்; மகன் வேலையில் நீடிக்க அப்பா இரண்டு வருடச் சிறையை ஏற்கிறார். இன்னொன்றும் உதவியது. இறுதித் தேர்வில் ஒரு நரம்பை இன்னொன்றாக மாற்றிச் சொல்லி இரண்டாம் இடம் பெற்றவர் என்பது பழைய அத்தியாயங்களிலேயே வரும். வேண்டுமென்றே செய்த தவறு அது என்று ரசிகர்கள் பின்னால் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

உங்கள் அக்காவின் கோபம் நியாயமானது. லயத்து வீட்டிலிருந்து வெளியே போகப் படிப்பு ஒன்றுதான் வழி என்று பார்த்த ஊரில், கலைவாணி கண்விழித்த ஒவ்வோர் இரவையும் அவர் தன் பிள்ளையின் இரவாக எண்ணியிருப்பார். கடைசிப் பக்கத்தில் அதைப் பிடுங்கிவிட்டீர்கள். தன் கூர்மையை ஒளிப்பதற்கே அவள் பாடுபடட்டும். முக்கால் மணியில் எழுதி முடித்த தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். கணக்கில் ஒரு கேள்வியைத் தெரிந்தே விடட்டும். பாதிக் கதைக்குள் இப்படி மூன்று இடமாவது வேண்டும். முதல் வாசிப்பில் கூச்சம், களைப்பு என்றே தோன்ற வேண்டும்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்று உங்களுக்குத் தெரியும். டூரா, தெனெரா என்ற இரு வகையும் நாற்றங்காலில் ஒன்றுபோலவே நிற்கும். வயலில் நட்டு ஏறத்தாழ 30 மாதம் கழித்துக் குலை வந்து பழத்தை வெட்டினால்தான் கொட்டை ஓட்டின் தடிமன் தெரியும், தெனெராவில் ஓட்டைச் சுற்றிக் கருத்த நார் வளையம் தெரியும். இதை முடிவு செய்யும் ஓட்டு மரபணுவை மலேசிய ஆய்வாளர்களும் பங்கெடுத்த குழு 2013இல் கண்டறிந்தது. அதன் பிறகு இலையிலிருந்தே சோதித்துவிடலாம். ஒரு மரபணு, ஒரு குணம் என்பதால் அது முடிகிறது. புத்திக்கூர்மை அப்படியல்ல. ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றுக்கும் துளி அளவு பங்கு. ஒரே திருத்தத்தில் கலைவாணி மேதையானாள் என்று எழுதாதீர்கள். 2018இல் சீனாவில் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. கிருமி உடலணுவுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 என்ற ஒரே மரபணுவைத்தான் திருத்தினார்கள். அதிலும் சிலருக்கு இயற்கையிலேயே இருக்கும் மாற்றம் அப்படியே அமையவில்லை.

உங்கள் இரத்தப் பரிசோதனையும் நிற்காது. இரத்த அணு எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு இவற்றில் மரபணுத் திருத்தம் தெரியாது. முழு மரபணு வரிசையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்தாலும், பிறவியிலேயே உள்ள வேறுபாடா, யாரோ செய்த திருத்தமா என்று அவள் இரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் மாதிரியையும் ஒப்பிட வேண்டும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மரபணு எழுத்துகள், இயல்பாக எல்லோருக்கும் வருவதைவிட அதிகமான இடங்களில் பிள்ளையிடம் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

கதைக்கு இது வரம். அம்மா கை நீட்டாமல் உண்மை வெளிவராது. ஸ்பித்தாலில் இரத்தம் எடுக்கும் அந்தக் காட்சியை, கதையின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த அக்கா உங்களிடம் கேட்டதை, அங்கே கலைவாணி அம்மாவிடம் கேட்கட்டும்.