இனிய சொற்கள் மட்டும் எதற்கு?

கேள்வி: டேனிஷ் மொழியின் 'ஹுக' (வீட்டுக் கதகதப்பின் சுகம்), போர்ச்சுகீசியத்தின் 'சௌதாத்' (இழந்ததை நினைத்து ஏங்குவது) என்று, மகிழ்ச்சியையும் பிற உணர்வுகளையும் குறிக்கிற, மொழிபெயர்க்கவே முடியாத இனிய சொற்கள் இருபதைத் தொகுத்து அனுப்பியிருக்கிறேன். எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் இருப்பதுபோல் மகிழ்ச்சிக்கும் எத்தனை சொற்கள்! வெளியிடுவீர்களா? (ஒரு வாசகி, கரூர்)

பதில்: முதலில் பனி. அந்த நூறு சொல் கதையோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய சண்டை உண்டு. 1911-ல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் காட்டியது நான்கே நான்கு வேர்ச்சொற்கள். கை மாறி மாறி அது நூறாகிவிட்டது. எப்படி வீங்கியது என்று 1986-ல் லாரா மார்ட்டின் படிப்படியாகக் காட்டிய பிறகும் கதை சாகவில்லை.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது 'இனிய'. இருபதும் இனிப்பு. மெழுகுவத்தி வெளிச்சம், கம்பளிப் போர்வை, சூடான பானம்: காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிற உணர்வுகள். 2016-ல் இங்கிலாந்துப் புத்தகக் கடைகளை 'ஹுக' நிரப்பியதும் இப்படித்தான். 'சௌதாத்'தில் இருக்கும் இழப்பின் வலிக்குக்கூட நீங்கள் 'இனிய ஏக்கம்' என்று சர்க்கரை தூவியிருக்கிறீர்கள்.

மகிழ்ச்சி எல்லா ஊரிலும் நல்ல பிள்ளை இல்லை. பசிபிக்கில் இஃபலுக் என்று ஒரு சின்னஞ்சிறு பவளத்தீவு. 1970-களின் கடைசியில் கேத்தரின் லட்ஸ் என்ற மானிடவியலாளர் அங்கே தங்கியிருந்தார். நான்கைந்து வயதுச் சிறுமி ஒருத்தி அவர் முன்னால் ஆடி முகத்தைக் கோணிக் காட்ட, அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த பெண் தடுத்தாள்: சிரிக்காதே, உனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்த உற்சாகத்துக்கு அவர்கள் மொழியில் பெயர் 'கெர்'. அது தலைக்கேறியவர் அடுத்தவரைக் கவனிக்க மாட்டார், ஆட்டம் போடுவார் என்பதால் அதைக் கண்டிப்பார்கள். உங்கள் இருபதில் 'கெர்' ஏன் இல்லை?

இன்னொன்று, லிகெட். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு மலைகளில் வாழும் இலோங்கோட் மக்களின் சொல். கோபம், வேகம், உயிர்த்துடிப்பு எல்லாம் சேர்ந்த ஒன்று. கழனியில் முனைந்து வேலை செய்ய வைப்பதும் அதுதான். ஒரு காலத்தில் மனிதத் தலை கொய்யப் போக வைத்ததும் அதுதான். மிஷெல் ரொசால்டோ, ரெனாட்டோ ரொசால்டோ என்ற தம்பதி 1967-லிருந்து அவர்களிடையே ஆய்வு செய்தார்கள். ஏன் தலை கொய்தீர்கள் என்று கேட்டால், துக்கத்தில் பிறந்த கோபம் என்று ஒரே வரியில் பதில் வரும். ரெனாட்டோவுக்கு அது போதவில்லை. ஒரு சாவுக்கு இன்னொரு சாவு ஈடு என்ற கணக்கா என்று ஒரு முதியவரிடம் கேட்டுப் பார்த்தார். அப்படி யாராவது நினைக்கலாம், நாங்கள் நினைப்பதில்லை என்றார் அவர்.

1981 அக்டோபரில், அதே தீவில் வேறொரு மலைச்சமூகத்தை ஆராயப் போன இடத்தில், ஒற்றையடிப் பாதையில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார் மிஷெல். உடலைக் கண்டதும் ரெனாட்டோவுக்கு முதலில் பொங்கியது ஆத்திரம். என்னை விட்டுவிட்டு எப்படிப் போகலாம், இப்படியா போய் விழுவாள் என்று. அழ முயன்றார்; ஆத்திரம் அழுகையை அடைத்தது. துக்கத்தில் பிறந்த கோபம் என்று பல வருடங்களாக இலோங்கோட் மக்கள் சொன்ன அந்த ஒரு வரி அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் அதைக் கட்டுரையாக எழுதினார். இலோங்கோட் மொழி அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அகராதியில் குறை ஒன்றுமில்லை. அதுவரை துக்கத்தில் அப்படி ஓர் ஆத்திரத்தை அவர் அனுபவித்ததில்லை, அவ்வளவுதான்.

மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லிச் சொல்லைச் சட்டம் போட்டு மாட்டுவது எனக்குப் பிடிக்காதது இதனால்தான். அந்த மக்கள் தங்கள் வலியை நமக்கு விளங்கும்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பட்டியலை வெளியிடப் போவதில்லை. உங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று யாருக்கு யார்மேல் கோபம் வந்தது, செத்தவரை யார் எப்படித் திட்டினார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.