டேப்பை மண்ணோட போட்டு அளந்தா கல்லு நகந்த மாதிரிதான் தெரியும்

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் எழுதின கடிதம் இது. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், ஊர் பேரையும் எடுத்துட்டேன்.

அண்ணே வணக்கம். அழகர்மலை அடிவாரத்துல எங்களுக்கு ஒரு புஞ்சை இருக்கு, தாத்தா காலத்து நிலம். மேக்க பெரியப்பா மகன் காடு. பாகப்பிரிவினைக்காக எஃப்எம்பி, அதான் சர்வே துறையோட நில அளவுப் படம், எடுத்துப் பாத்தோம், கிழக்கு கல்லுக்கும் மேக்கு கல்லுக்கும் 118.4 மீட்டர்னு போட்டிருக்கு. நானும் தம்பியும் டேப் வச்சு அளந்தா 119.2 வருது. 80 சென்டி கூட. போன் ஆப்ல சுத்தி நடந்து பாத்தா அது இன்னொரு கணக்கு சொல்லுது. அந்த பெரியப்பா மகன் அண்ணன் கல்லை நகட்டிட்டாருனு அப்பா சொல்றாரு, தையில இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அந்தக் காலத்துல சங்கிலிய இழுத்து அளந்த அளவை எப்படிண்ணே நம்புறது? டிஜிபிஎஸ்னு துல்லியமான சேட்டிலைட் அளவுக் கருவி சொல்றாங்களே, அது வந்துட்டா இந்த சண்டையெல்லாம் தீந்துருமா?

தம்பி, வணக்கம். உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன், நீங்க சாதாரணமா எழுதிட்டு போன ஒரு வார்த்தையிலதான் விஷயமே இருக்கு. அடிவாரம்.

காடு மேக்க மலையைப் பாத்து ஏறுதுல்ல? நீங்க டேப்பை தரையோட தரையா போட்டு இழுத்திருப்பீங்க. எஃப்எம்பியில போட்டிருக்கறது தரை நீளம் இல்ல, மட்ட நீளம். அதாவது ரெண்டு கல்லுக்கும் நேர் மேல இருந்து ஒரு கயித்தை மட்டமா கட்டினா எவ்வளவு வருமோ அது. உலகத்துல எந்த நாட்டு சர்வேயும் அப்படித்தான், ஏன்னா படம் வரையறது தட்டையான பேப்பர்ல. சரிவுல தரையோட அளந்தா எப்பவுமே கூடத்தான் வரும், குறையவே குறையாது. கணக்கு சுலபம்: எவ்வளவு உயரம் ஏறுதோ அதை அதாலயே பெருக்கி, நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா கூட வர்ற நீளம் கிடைக்கும். உங்க 80 சென்டி கூட வரணும்னா மேக்கு கல்லு கிழக்கு கல்லை விட கிட்டத்தட்ட 13.8 மீட்டர் உசரத்துல இருக்கணும், சுமாரா நாலு மாடி வீட்டு உசரம். அடிவாரத்து புஞ்சையில 118 மீட்டர் தூரத்துக்கு அது நடக்காத விஷயம் இல்ல. அங்க நின்னு பாத்தா உங்களுக்கே தெரியும், எனக்கு இங்க இருந்து தெரியாது, ஆனா பெரியப்பா மகன் மேல பழி போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்துருங்க.

அடுத்தது சங்கிலி. அதை லேசா நினைக்காதீங்க தம்பி. எங்க மாமா ஒருத்தர் செயின்மேனா, அதாவது சர்வேயருக்கு சங்கிலி இழுக்கறவரா இருந்தவர், சின்ன வயசுல அவர் கூட காடு கரையெல்லாம் சுத்தியிருக்கேன், அதனால இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் உணர்ச்சிவசம் உண்டு. அவர் இழுத்தது 66 அடி செயின், அதுல 100 லிங்க், அதாவது கண்ணி. 1620 வாக்குல இங்கிலாந்துல எட்மண்ட் கன்டர்ங்கற கணித ஆசிரியர் வகுத்த அளவு. ஏன் 66னு கேட்டா அங்கதான் அழகு இருக்கு, ஒரு செயின் அகலம் பத்து செயின் நீளம் வச்சா சரியா ஒரு ஏக்கர். அப்படின்னா ஒரு ஏக்கருக்கு லட்சம் சதுர லிங்க், ஒரு சென்டுக்கு ஆயிரம் சதுர லிங்க். 150 லிங்க் அகலம் 200 லிங்க் நீளம்னா பெருக்கி முப்பதாயிரம், மூணு சைபரை அடிச்சா 30 சென்ட், முடிஞ்சது! மரத்தடியில உக்காந்து மனக்கணக்காவே மாமா சொல்லிருவார். இன்னைக்கு ஒத்தக்கடையில அஞ்சு சென்ட் பிளாட் வாங்கறவங்க ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடினு ஒரு வினோதமான நம்பரை மனப்பாடம் பண்றாங்க, அந்த நம்பர் வந்ததே இந்த செயின்ல இருந்துதான்.

அதுல தப்பு வர வழியே இல்லையானு கேட்டா, இருக்கு. பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும், 10க்கு ஒரு பல்லு, 20க்கு ரெண்டு, 40க்கு நாலு, நடுவுல 50க்கு வட்டம். எந்த நுனியில இருந்தும் எண்ணலாம்னு வச்சதால 60லயும் அதே நாலு பல்லுதான். அசந்தா 40ஐ 60னு எழுதிருவாங்க. "பல்லை எண்றதுக்கு முன்னாடி நீ எந்தப் பக்கம் நிக்கிறேனு பாருடா"னு மாமா திட்டுனது இப்பவும் காதுல கேக்குது. இழுத்து இழுத்து வளையம் தேஞ்சா செயின் நீண்டுரும், நீண்ட செயின்ல அளந்தா நிலம் கம்மியா தெரியும், அதனால அளவு தெரிஞ்ச ரெண்டு குறிக்கு நடுவுல போட்டு அப்பப்ப சரிபாப்பாங்க. சரிவு வந்தா மேல் நுனியை தரையில வச்சு கீழ் நுனியை இடுப்பு உசரத்துக்கு மட்டமா தூக்கி, தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடுற இடத்துல கம்பி அம்பு குத்தி, திரும்ப அங்க இருந்து ஆரம்பிச்சுனு படிப்படியா இறங்கி வருவாங்க. உங்க 118.4ம் அப்படி மட்டமா எடுத்த அளவுதான்.

மதராசுல சர்வே படிப்பே 1794ல மைக்கேல் டாப்பிங் தொடங்கின பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சது, அதுதான் வளந்து இன்னைக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜா நிக்குது. இந்தியாவையே அளந்த பெரிய சர்வேயைத் தொடங்கின வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10ம் தேதி பரங்கிமலை பக்கம் அடிக்கோடு, அதாவது மத்த தூரத்தையெல்லாம் கணக்கு போட ஆதாரமான முதல் கோடு, அளக்க ஆரம்பிச்சப்ப வச்சிருந்ததும் சங்கிலிதான், நூறடி எஃகு சங்கிலி. கிட்டத்தட்ட ஏழரை மைலை நானூறு தடவை மாதிரி அதைப் போட்டுப் போட்டு அளந்திருக்காங்க. சும்மா தரையில போடல, மரப்பெட்டிக்குள்ள மட்டமா கிடத்தி, வெயில் படாம மறைச்சு, தெர்மாமீட்டர் வச்சு, சூட்டுல எஃகு எவ்வளவு நீளுதுனு கணக்கு போட்டு, கடைசியில மொத்தத்தையும் கடல் மட்டத்துக்கு குறைச்சு எழுதினாங்க. உங்க புஞ்சையில வந்த சிக்கலும் அவருக்கு இருந்த சிக்கலும் ஒரே சமாச்சாரம், ஆனா அவர் தரையை நம்பல. 1808ல கோணம் அளக்கற அரை டன் எடை தியோடலைட் கருவியை தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து சுவத்துல மோதி வட்டமே வளைஞ்சு போச்சு. மனுசன் டெண்ட்டுக்குள்ள அடைஞ்சு உக்காந்து வாரக்கணக்குல தட்டித் தட்டி நேராக்கி திரும்ப வேலையை ஆரம்பிச்சிருக்கார். டெல்டாவுல மலை இல்லாததாலதான் கோயில் மேல ஏற வேண்டி வந்தது. நம்ம பக்கம் யானைமலை, நாகமலை, பசுமலைனு சுத்தி நிக்குது, அந்தக் கஷ்டம் இல்ல.

வெள்ளக்காரனுக்கு முன்னாடி இங்க அளவே இல்லைனும் நினைச்சுறாதீங்க. பாண்டியர் கல்வெட்டுலயே சுந்தரபாண்டியன் கோல்னு அளவுகோலோட பேரு வருது. ராஜராஜன் காலத்து தஞ்சாவூர் கல்வெட்டுகள்ல ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடுனு வரி இல்லாத நிலத்தையெல்லாம் தனித்தனியா கழிச்சுட்டு மிச்சத்தை வேலி, மா, முந்திரிங்கற நில அளவுகள்ல எழுதியிருக்காங்க. முந்திரின்னா 320ல ஒரு பங்கு. அதையும் 320ஆ பிரிச்சு கீழ்முந்திரினு போவாங்க.

டிஜிபிஎஸ் பத்தி கேட்டிருந்தீங்க. முதல்ல அந்த போன் ஆப்பை விட்டுருங்க, போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலயே நாலஞ்சு மீட்டர் முன்னப்பின்ன காட்டும், 80 சென்டி சண்டைக்கு அது ஆகாது. டிஜிபிஎஸ் வேற, அது சில சென்டிக்குள்ள சொல்லிரும், மட்ட தூரத்தையும் தானா கணக்கு போட்டுக்கும், அது வரட்டும், நல்லது. ஆனா அது சொல்றது "இந்தக் கல்லு இந்த இடத்துல இருக்கு"ங்கறதை மட்டும்தான். இந்தக் கல்லு இங்கதான் இருக்கணுமாங்கறதை எஃப்எம்பிதான் சொல்லணும். நகந்த கல்லு மேல வச்சா நகந்த இடத்தைத்தான் துல்லியமா சொல்லும்.

இப்ப செய்ய வேண்டியது. மேல் கல்லுல இருந்து கீழ இறங்கிட்டே அளங்க, பத்து பத்து மீட்டரா. மட்டம் பாக்க கொத்தனார் வச்சிருக்கற தண்ணி டியூப் போதும். டேப்பை நல்லா இழுத்துப் பிடிங்க, தொய்ஞ்சாலும் கூடத்தான் வரும். ரெண்டு தடவை அளங்க. 118.4க்கு பத்து சென்டி முன்னப்பின்ன வந்தா விட்டுருங்க, எஃப்எம்பியே ஒரு தசமம் வரைக்கும்தான் எழுதுது. அப்பவும் பெரிய வித்தியாசம் வந்தா, படத்துல குறுக்க போற கோட்டு அளவுகளையும் எடுங்க. ஒவ்வொரு மூலைக்கும் ஒண்ணுக்கு மேல அளவு வச்சிருக்கறதே இதுக்குத்தான். ஒரு கல்லு நகந்திருந்தா அந்தக் கல்லைத் தொடுற கோடுகள்ல இடிக்கும், மத்த கல்லுங்களுக்கு நடுவுல உள்ள அளவெல்லாம் சரியா இருக்கும். அப்படி வந்தா எஃப் லைனுக்கு, அதாவது சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்டறதுக்கு, மனு குடுங்க, அண்ணனுக்கும் நோட்டீஸ் போகும், சர்வேயர் வந்து எல்லார் முன்னாடியும் அளப்பார். அதுவரைக்கும் கல்லுல யாரும் கை வைக்க வேண்டாம், சர்வே கல்லைப் பேத்தா 1923ம் வருச சர்வே எல்லைச் சட்டத்துல தண்டனை உண்டு, அப்பாகிட்டயும் சொல்லி வைங்க.

முடிஞ்சா அளக்கப் போற அன்னைக்கு அண்ணனையும் கூப்பிடுங்க தம்பி, டேப்போட மேல் நுனியை அவர் பிடிக்கட்டும். வந்த அளவையும் எஃப்எம்பி போட்டோவையும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கறேன்.