மகளுக்கு மசக்கை, ஜெர்மனிக்கு வடகம் அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், இப்போது மூன்றாம் மாதம். அங்கே எதைப் பார்த்தாலும் குமட்டுகிறதாம். வடகம் தாளித்த வத்தக்குழம்பு, கருவாடு, நம்ம காபித்தூள், திருவையாறு அசோகா என்று போனில் தினமும் ஒன்று கேட்கிறாள். எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி கட்டினேன், எடை 4 கிலோதான் வருகிறது. கூரியர்காரர் 10 கிலோவுக்குப் பணம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? நெய்யும் கறிவேப்பிலையும் கூட வைக்கலாமா? (மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்)

பதில்: முதலில் நெய்யையும் கறிவேப்பிலையையும் எடுத்து வெளியே வையுங்கள் அம்மா. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நம் ஊரிலிருந்து தனியாள் அனுப்பும் பார்சலிலும் சரி, கையோடு கொண்டுபோகும் பெட்டியிலும் சரி, பால் பொருளும் இறைச்சியும் கூடாது, நெய்யும் அதில் சேர்த்தி. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது, அதனால்தான் பல நாடுகள் அதற்கு இவ்வளவு பயப்படுகின்றன. என் அக்கா மகளுக்கு நாங்கள் அனுப்பிய பெட்டியில் ஒரே ஒரு நெய் பாட்டில் இருந்தது, அதற்காக மொத்தப் பெட்டியும் சுங்கத்தில் நின்றுபோனது, அந்தப் பிள்ளை பதினைந்து நாள் காத்திருந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டுமே அங்கே கிடைக்கும். ஜெர்மனியின் பல ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை எல்லாம் வரும். உப்பில்லாத வெண்ணெய் வாங்கி உருக்கி, இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை போடச் சொல்லுங்கள், வீடு மணத்துவிடும். அசோகாவையும் அனுப்ப வேண்டாம். நெய் சொட்டும் பண்டம், அதோடு அதற்கு வேண்டிய பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை எல்லாமே அங்கே உண்டு. வீடியோ காலில் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல மாப்பிள்ளை கிண்டட்டும்.

கருவாடு கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சொந்த உபயோகத்துக்கு என்றால் மீன் பொருட்கள் 20 கிலோ வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகலாம், உலர்ந்த மீனும் அதில் வரும். ஆனால் வாசனைக்குப் பயந்து கூரியர்காரர்கள் வாங்க மறுப்பதுண்டு, அதனால் ஊருக்கு வந்து திரும்பும் யாராவது பெட்டியில் கொண்டுபோவது நல்லது. நாகப்பட்டினத்தில் வாங்கினால் கையில் ஈரம் ஒட்டாத, நன்றாகக் காய்ந்த வாளையாகப் பார்த்து வாங்கி, இரண்டு உறை போட்டு ஒட்டுங்கள். மசக்கை நேரத்தில் அவ்வளவு உப்பு சரிப்படுமா என்று அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

காபித்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி இருக்கிறது, வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ. வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் அன்பளிப்புப் பார்சல் 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் சுங்க வரி கிடையாது, அதிலும் காபி அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அரைக் கிலோ போதும், இந்த மாதங்களில் அவள் ஒரு டம்ளருக்கு மேல் குடிக்கவும் வேண்டாம்.

இனி வடகம். பெட்டியில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது போக வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றைத்தான் அவளால் அங்கே செய்துகொள்ள முடியாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்துப் பிசறி, நம் சித்திரை வெயிலில் நாள்கணக்கில் உருட்டி உருட்டிக் காயவைத்தால்தானே அந்த வாசனை வருகிறது. அரை உருண்டையை உதிர்த்து நல்லெண்ணெயில் போட்டால் ஒரு சட்டிக் குழம்பு மாறிவிடும், எடையும் இல்லை. அனுப்புமுன் ஓர் உருண்டையை உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுத்து ஈரமாக இருந்தால் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேருவதற்குள் பூத்துவிடும். சுங்கப் படிவத்தில் ‘வீட்டுப் பண்டம்’ என்று மொட்டையாக எழுதாமல், காய்ந்த வெங்காய மசாலா என்று ஆங்கிலத்தில் தெளிவாக, எடையோடும் உண்மையான மதிப்போடும் எழுதச் சொல்லுங்கள்.

சரி, அந்த 10 கிலோ. கூரியர்காரர் ஏமாற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள், அந்தக் கணக்கு எடையும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குப் பணம். 40, 40, 30 அளவுள்ள பெட்டி என்றால் 48,000, வகுத்தால் 9.6 கிலோ. நீங்கள் அப்பளத்தையும் முறுக்கையும் அடுக்கியிருப்பீர்கள், உள்ளே பாதி காற்று. அவற்றை எடுத்துவிட்டு 30, 20, 20 பெட்டியில் கட்டினால் கணக்கு 2.4 கிலோ, அப்புறம் தராசு காட்டுவதை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் இந்தக் கணக்கைப் பணம் வாங்குமுன் அவரே சொல்லியிருக்க வேண்டும். ரசீதில் இரண்டு எடையையும் எழுதி வாங்குங்கள், சுங்கத்தில் நின்றால் திருப்பும் செலவு யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். ரசீது தர மறுத்தாலோ சொன்னதற்கு மேல் பிடுங்கினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். கும்பகோணம் கடப்பா சாப்பிட்டு மூன்று வருஷம் ஆச்சு என்கிறான். தேங்காய் தவிர மற்றதெல்லாம் வறுத்துப் பொடித்து, வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து போகும் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். வேறு ஏதாவது சேர்க்கலாமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: சேர்ப்பது இருக்கட்டும், அந்தப் பொடியில் கசகசா போட்டீர்களா? போட்டிருந்தால் இன்றைக்கே நண்பருக்குப் போன் செய்து பொட்டலத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நமக்கு அது மளிகைச் சாமான், ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. சமையலுக்குக் கொண்டுபோனேன் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள், பிடிபட்டு ஜெயிலில் இருந்தவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடைதான். கடையில் வாங்கிய கறிமசாலா பாக்கெட்டிலும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், மில்லில் அரைத்தது என்றால் அரைத்தவரிடம் கேளுங்கள். துபாய்க்கு வெற்றிலையும் கூடாது, நம்ம கும்பகோணம் கொழுந்து வெற்றிலையானாலும் சரி.

பொட்டுக்கடலை, சோம்பு, பட்டை, கிராம்பு மட்டும் வைத்துப் புதிதாகப் பொடியுங்கள். கசகசா தரும் கெட்டிக்கு நாலு முந்திரியை அங்கே தேங்காயோடு சேர்த்து அரைக்கட்டும். பழைய பொடி அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவிக் காயவைத்துவிட்டு அரையுங்கள்.