கண்ணுக்குள் கட்டிப்போன பால்

கண் வார்டில் 26 வருஷம் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கும் முன்னால், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் மகள். கண் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்களே, அப்புறம் ஏன் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது?

மிஸ்ஸி அக்கா, அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). விழித்திரையில் ரத்தம் கசிந்து ஈப்போவில் ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாள் கண் வலி, வாந்தி. அழுத்தம் 41, உள்ளே ஃபைப்ரின் கட்டியிருக்கிறது என்றார்கள். ஃபைப்ரின் என்றால் சீழா? ஆபரேஷனில் ஏதும் தப்பா?

சீழ் இல்லை தங்கச்சி. தப்பு நடந்தால்தான் இது வரும் என்றும் இல்லை. நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்தே ஓடிக்கொண்டிருக்கும். கையில் வெட்டுப்பட்டால் த்ரோம்பின் என்ற நொதி அதை நூல் நூலாக மாற்றிவிடும். அந்த நூல்தான் ஃபைப்ரின். ரத்தத்தை நிறுத்துவது அதன் வேலை, கையில் அது நல்ல பிள்ளை.

கண்ணின் முன்னறையில் இருக்கும் தெளிந்த நீரில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. அங்குள்ள ரத்தக் குழாய்ச் சுவர்கள் அவ்வளவு இறுக்கம். ஆபரேஷனில் கண் புண்படும்போது சுவர் கசியும், புரதம் நீரில் இறங்கும். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சுவர் முன்பே தளர்ந்திருக்கும், அதனால் கசிவும் அதிகம். ரப்பர் மரத்தில் கட்டும் மங்கில் (கிண்ணத்தில்) தண்ணியாக இருந்த பால், எடுக்க நேரமானால் கட்டிப்போகுமே, அப்படித்தான். (பால் கட்டுவதும் ஃபைப்ரின் கட்டுவதும் ஒரே ரசாயனம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தான் ஒன்று: தண்ணியாக இருந்தது தண்ணியாக இல்லை.)

இனி அழுத்தத்துக்கு வருவோம். கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊறும் இடம் கண்ணின் நிறத் திரைக்குப் பின்னால். கண்மணி என்கிற நடு ஓட்டை வழியாக அது முன்னறைக்கு வந்து, ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற வடிகாலில் இறங்கிப் போகும். ஊறுவதும் வடிவதும் சரியாக இருந்தால் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் நிற்கும்.

ஃபைப்ரின் இதை இரண்டு இடத்தில் கெடுக்கும். ஒன்று, சல்லடைக் கண்களில் போய் அடைத்துக்கொள்ளும். மற்றது இன்னும் மோசம். கண்மணியின் குறுக்கே சிலந்தி வலை மாதிரி படர்ந்து ஓட்டையையே மூடிவிடும், அல்லது நிறத் திரையின் விளிம்பைப் பின்னால் இருப்பதோடு ஒட்டவைத்துவிடும். நீர் பின்னாலேயே தேங்கும், திரை காற்றடித்த துணி போல முன்னால் உப்பும், உப்பிய திரை வடிகாலையும் அழுத்தி மூடும். அப்போது மணிக்கணக்கில் அழுத்தம் ஏறும். அம்மாவுக்கு வாந்தி வந்ததும் இதனால்தான். வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் கஷாயம் கொடுத்து உட்காராமல் கூட்டிப்போனீர்களே, அது பெரிய காரியம்.

அதே தங்கச்சி: மணிக்கொரு தரம் ஒரு மருந்து, கண்மணியை விரிக்க ஒன்று, மாத்திரை வேறு. எதற்கு இத்தனை?

மணிக்கொரு தரம் போடுவது ஸ்டீராய்டு. கசிவை அடக்கி, புதிதாக நூல் விழாமல் பார்த்துக்கொள்ளும். விரிக்கும் மருந்து, திரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. மாத்திரை அசெட்டசோலமைடாக இருக்கும். அது நீர் ஊறுவதைக் குறைக்கும். விரல் நுனி மரத்தாற்போல் இருக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா மருந்து ஒவ்வாமையோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லுங்கள், அழுத்தம் குறைக்கும் டிமோலோல் சொட்டு அவர்களுக்கு ஆகாது. திரை உப்பி அடைத்துவிட்டால் லேசரில் திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு துளை போட்டு நீருக்கு வேறு வழி விடுவார்கள்.

என் மாமா தினமும் கார்டிப்ரின் (ஆஸ்பிரின் மாத்திரை) சாப்பிடுகிறார். ரத்தம் கட்டாமல் இருக்கத்தானே அது? ஃபைப்ரினைக் கரைக்காதா?

கரைக்காது. அது ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும், அவ்வளவுதான். விழுந்த நூலை அறுப்பது வேறு மருந்து. டி.பி.ஏ. என்பார்கள், மாரடைப்புக்கு 100 மில்லிகிராம் வரை ஏற்றும் அதே மருந்து. கண்ணுக்குள் 10 முதல் 25 மைக்ரோகிராம்தான் ஊசியில் போவது. உடம்பில் தூங்கும் ஒரு நொதியை எழுப்பிவிடும், நூலை அறுப்பது அந்த நொதி. சில மணி நேரத்தில் வலை கரைந்து கண்மணி தெளிவதை வார்டில் பார்த்திருக்கிறேன், ஆச்சரியமாக இருக்கும். ஆனால் புதுக் காயத்தில் மறுபடி ரத்தம் கசியவும் கூடும். அதனால்தான் எல்லாருக்கும் போடுவதில்லை. மாமாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

அப்பாவுக்குச் சாதாரண கண்புரைதான். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் அழுத்தம் 32. அதுவும் ஃபைப்ரினா?

பெரும்பாலும் இல்லை. கண்புரை எடுக்கும்போது இடம் தாங்க ஜெல்லி மாதிரி ஒன்றை உள்ளே வைப்பார்கள். கழுவி எடுத்த பிறகும் மிச்சம் இருந்தால் முதல் நாள் வடிகாலை அடைக்கும். ஓரிரு நாளில் தானே இறங்கும். மறுநாள் செக்கப்பை விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான்.

ஆபரேஷன் ஆகி நாலு வாரம். வலி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது. இப்போது அழுத்தம் 29 என்கிறார்கள்!

இந்த நேரத்தில் எனக்கு முதல் சந்தேகம் சொட்டு மருந்து மேல்தான். ஆரம்பத்தில் காப்பாற்றிய அதே ஸ்டீராய்டு, சிலருக்குச் சில வாரம் கழித்து வடிகாலை மந்தமாக்கும். குடும்பத்தில் கண் அழுத்த நோய் இருந்தால் வாய்ப்பு அதிகம். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் குறைப்பது டாக்டர் வேலை. “மிஸ்ஸி சொன்னார்” என்று இன்றைக்கே நிறுத்தினால், அடங்கிய வீக்கம் திரும்பி வரும்.

விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு கேமரன் மலை போகலாமா?

போகக் கூடாது. சிம்பாங் பூலாய் ரோட்டில் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழி விரியும், கண் தாங்காது. கெந்திங் மலையும் அப்படித்தான், விமானமும் அப்படித்தான். குமிழி கரைய, வாயுவைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். குமிழி முழுதாகப் போய்விட்டது என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகு போங்கள்.

கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டால் ஃபைப்ரின் கூடுமா?

கூடாது. சாப்பிடச் சொல்லுங்கள், பாவம்.

பாட்டிக்கு இரண்டு சொட்டு மருந்து. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடலாமா?

நடுவில் 5 நிமிஷமாவது விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். அப்புறம், பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே ஒரு புட்டி, பிரெட்னிசோலோன், அதில் மருந்து அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தரமும் நன்றாகக் குலுக்கிய பிறகு போடுங்கள்.