பிங்க் லேடிஸ் ஸ்லிப்பர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பைன் காட்டில் செருப்பு போல ஒரு இளஞ்சிவப்புப் பூ பார்த்தேன். என்ன பூ?

ப: தரையை ஒட்டி இரண்டே இலை, இலையில்லாத காம்பு, உச்சியில் ஒற்றைப் பூ, பை போல உப்பிய இதழின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. இவை இருந்தால் பிங்க் லேடிஸ் ஸ்லிப்பர்தான். தாவரவியல் பெயர் சிப்ரிபீடியம் அகாலே. 1991 முதல் அந்த மாநிலத்தின் காட்டுப்பூ.

கே: மினசோட்டாவின் மாநிலப் பூவும் இதுதானே?

ப: இல்லை. அது ஷோயி லேடிஸ் ஸ்லிப்பர், வேறு இனம்.

கே: ஒரு செடியைத் தோண்டி வீட்டில் வைக்கலாமா?

ப: தோண்டாதீர்கள். இதன் விதை தூசி மாதிரி. உள்ளே சேமித்த உணவே கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை கிடைத்து, அது ஊட்டினால்தான் முளைக்கும். அப்புறம் பூக்கப் பல வருடங்கள் ஆகும். வளர்ந்த செடிக்கும் புளிப்பான மண்ணும் அந்தப் பூஞ்சையும் வேண்டும். பிடுங்கி வைத்த செடி ஓரிரு வருடம் இலை விட்டு ஆசை காட்டும், பிறகு அழிந்துவிடும்.

கே: இந்தப் பூவில் தேன் இல்லையாமே, தேனீ ஏன் வருகிறது?

ப: நிறத்தையும் மணத்தையும் நம்பித்தான். பம்பிள் தேனீ பிளவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். பிளவின் ஓரங்கள் உட்பக்கம் மடிந்திருப்பதால் வந்த வழியே திரும்ப முடியாது. உள்ளிருக்கும் மயிர்கள் பின்பக்கத்து இரண்டு சிறு வாசல்களுக்கு வழிகாட்டும். வெளியேறும்போது முதலில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதுகில் உரசும். முன்பு போய்வந்த பூவின் மகரந்தம் முதுகில் இருந்தால் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் இந்தப் பூவின் மகரந்தம் முதுகில் அப்பும். இந்த வரிசையால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவில் சேருவதில்லை. நான் பார்த்து அலுக்காத அமைப்பு இது. ஆனால் ஒருமுறை ஏமாந்த தேனீ சீக்கிரமே பாடம் கற்றுக்கொள்ளும். அதனால் பெரும்பாலான பூக்கள் காய்க்காமலே வாடுகின்றன.

கே: அப்படியானால் நாமே கையால் மகரந்தம் வைத்துக் காய்க்க உதவலாமே?

ப: நல்ல மனசில் கேட்கிறீர்கள், ஆனாலும் மறுக்கிறேன். மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் பிரைமாக், பமேலா ஹால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்கு வருடம் இதையே செய்து பார்த்து, 1990இல் எழுதினார்கள். திரும்பத் திரும்பக் காய்க்க வைத்த செடிகளின் இலை சிறுத்தது, அடுத்தடுத்த வருடங்களில் பூப்பதும் குறைந்தது. காய்க்காத வருடங்கள் அதற்கு ஓய்வு.

கே: காய் இல்லாவிட்டால் இனம் அழியாதா? உங்கள் வாதம் இடிக்கிறதே.

ப: இடிக்கவில்லை. ஒரு செடி இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகள். வாழ்நாளில் ஓரிரு காய் வந்தாலே போதும். உண்மையான தட்டுப்பாடு விதைக்கு இல்லை. அது முளைக்கத் தோதான மண்ணுக்குத்தான். உதவ நினைத்தால் அந்தக் காட்டு மண்ணைக் கலைக்காமல் காப்பாற்றுங்கள்.

கே: சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்துத் தோண்டினால் பிழைக்குமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். தோண்டாதீர்கள்.

கே: இதன் வேர், நரம்புத் தளர்ச்சிக்கு மருந்தாமே?

ப: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கன் வலேரியன் என்ற பெயரில் விற்றார்கள், அதற்காக ஏராளமாகப் பிடுங்கினார்கள். உடம்புக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கே: தொட்டியில் வைத்தால்?

ப: தோண்டித்தானே தொட்டிக்கு வரும்? வேண்டாம்.

கே: போன வருடம் பூத்த செடி இந்த மே மாதம் காணவில்லை. செத்துவிட்டதா?

ப: அவசரப்படாதீர்கள். சில வருடம் பூக்காமல் இலை மட்டும் விடும். சில சமயம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த இடத்தை மிதிக்காமல் விட்டு, அடுத்த மே மாதம் போய்ப் பாருங்கள்.