சீனத்தில் 'கிழக்கு' என்ற எழுத்து, மரத்துக்குப் பின்னால் உதிக்கும் சூரியனின் படமா?

மனப்பாடம் செய்ய நல்ல கதை. ஆனால் எழுத்தாய்வாளர்களில் பலர் இன்று அதை ஏற்பதில்லை.

மாசேதுங் பெயரின் கடைசியில் வருகிற 'துங்'தான் இந்த எழுத்து. அதன் மரபு வடிவம், 'மரம்' எழுத்துக்கு நடுவே 'சூரியன்' எழுத்தைச் செருகியது போலத்தான் இருக்கும். கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேஸி' அகராதியும் அப்படியே விளக்கியது. பாவம், அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஷாங் அரச மரபின் காலத்து எலும்பு எழுத்துகளை அவர் பார்த்ததில்லை. அவை அறிஞர்கள் கண்ணில் பட்டதே 1899 வாக்கில்தான். ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறப்பட்ட அந்தப் பழைய வடிவத்தில் தெரிவது, இரண்டு முனையிலும் கட்டிய ஒரு மூட்டை!

சரி, மூட்டைக்கும் கிழக்குக்கும் என்ன சம்பந்தம்? ஒலி மட்டும்தான். திசையைப் படமாக வரைய முடியாதே, அதனால் ஒலி ஒத்த எழுத்தைக் கடன் வாங்கிவிட்டார்கள். சீனத்தில் இது சகஜம். 'வருதல்' என்பதற்கான எழுத்துகூட முதலில் கோதுமைப் பயிரின் படம்.

அப்புறம், சீனாவில் இன்று எழுதுவது 1950களில் எளிமையாக்கிய வடிவம். வேகக் கையெழுத்திலிருந்து வந்ததால் அதில் சூரியனைத் தேடினாலும் கிடைக்காது. மரபு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால், ஜப்பானியர் 'டோக்கியோ' என்று எழுதும்போது முதலில் வருவது அதுதான்.