கொள்ளைக்காரன் என்று பட்டம் கட்டியது யார்?

வழக்கத்துக்கு மாறான ஒரு கடற்கொள்ளையர் நாவலை, மற்ற கடற்கொள்ளையர் நாவல்களிலிருந்து எது பிரித்துக் காட்டுகிறது என்பது கேள்வி. ‘கொள்ளைக்காரன்’ என்று பட்டம் கட்டியது யார் என்று கேட்கும் நாவல்தான் தனித்து நிற்கிறது என்பது என் பதில். இந்த ஒரு வரிக்கு நான் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் நீளம்.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அப்பா ஒரு சரக்குக் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது அவர் வேலை. வாடகை நூலகத்தில் எடுத்த கடற்கொள்ளைக் கதை எதுவானாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் ஒப்பித்துவிடுவேன். கடைசியில் அவர் கேட்பது ஒன்றுதான்: “எல்லாம் சரி பாப்பா, சரக்கு யாரோடது? சீட்டு யார் பேர்ல இருக்கு?” எனக்கு எரிச்சலாக வரும். கத்திச் சண்டை நடக்கிற இடத்தில் சீட்டைப் பற்றி யாருக்குக் கவலை! இத்தனை வருடம் படித்த பிறகு, அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன்.

புதையல் வரைபடம், ஆளில்லாத் தீவு, தோளில் கிளி, ஒற்றைக்கால் மாலுமி எல்லாம் பெரும்பாலும் ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலிலிருந்து பரவியவை. அது புத்தகமாக வந்த ஆண்டு 1883. எனக்கு இன்றும் பிடித்த புத்தகம். நம் பக்கத்தில் ‘கடல் புறா’வில் வரும் சீனக் கொள்ளைக்காரர் அகூதாவையும் மறக்க முடியாது. புதுமை செய்கிறேன் என்று பின்னால் வந்த பலர் வேஷத்தை மட்டும்தான் மாற்றினார்கள். தலைவன் இருந்த இடத்தில் தலைவி, கொடூரனுக்குப் பதில் நல்ல மனசுக்காரன். ஆன் போனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண் கொள்ளையர்கள் ஜமைக்காவில் பிடிபட்டது 1720இல். பெண் வாள் பிடிப்பது வரலாற்றுக்கே புதிதல்ல என்னும்போது, கதையில் அது மட்டுமே மாற்றம் ஆகிவிடாது.

உண்மையான மாற்றத்தை நான் பார்த்தது ரிச்சர்ட் ஹியூஸ் 1929இல் வெளியிட்ட ‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’வில். முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்க எண்ணம் உள்ளவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜமைக்காவில் ஒரு பெரும்புயல் வீட்டைக் குலைத்துப் போட, பெற்றோர் பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள். வழியில் கொள்ளையர்கள் மறிக்கிறார்கள். பிள்ளைகள் கொள்ளையர் கப்பலுக்கு வந்து சேர்கிறார்கள். கொள்ளைத் தொழிலே நொடித்துப்போன காலம் அது. கேப்டன் யான்சனுக்கு இந்தப் பிள்ளைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளோ சீக்கிரமே கப்பலைத் தங்கள் வீட்டு முற்றம்போல ஆக்கிக்கொள்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுத் தப்பிப்போன வணிகக் கப்பலின் கேப்டன், தன் வீரத்தைக் கூட்டிச் சொல்லி, பிள்ளைகள் கொல்லப்பட்டுவிட்டதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறான். கொள்ளையர்கள் குழந்தைகளைக் கொன்றவர்கள் ஆவது அந்தக் காகிதத்தில்தான்.

நடுவில் ஒரு துறைமுகத்தில் மூத்த பையன் ஜான் மேலிருந்து விழுந்து இறந்துபோகிறான். ஹியூஸ் அதைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறார். அதன் பிறகு மற்ற பிள்ளைகள் அவன் பேச்சையே எடுப்பதில்லை. முதல் தடவை படிக்கும்போது, நான்தான் ஏதோ பக்கத்தைத் தவறவிட்டேனோ என்று திரும்பிப் போய்த் தேடினேன். அந்தத் தேடலில் எனக்கு வந்த பயம், எந்தக் கொள்ளையனின் கத்தியைப் படித்தபோதும் வந்ததில்லை.

பிறகு பிள்ளைகளில் ஒருத்தியான எமிலி. காயம்பட்டுப் படுத்திருக்கும் அந்தச் சின்னப் பெண், கொள்ளையர்கள் பிடித்துக் கட்டிப்போட்ட ஒரு டச்சுக் கேப்டனைப் பார்த்து மிரண்டு, கத்தியால் குத்திவிடுகிறாள். ஆள் இறந்துபோகிறான். லண்டனில் வழக்கு நடக்கிறது. சாட்சிக் கூண்டில் நின்ற எமிலி, ரத்தத்தில் கிடந்த மனிதனைப் பற்றிக் கோவையில்லாமல் அலறுகிறாள். நீதிமன்றத்துக்கு அது போதும். தான் செய்யாத கொலைக்கு யான்சன் தூக்குமேடை ஏறுகிறான். எமிலிக்கு எவ்வளவு புரிந்தது என்று ஹியூஸ் சொல்வதே இல்லை. கடைசியில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில், மற்ற சிறுமிகளோடு சிறுமியாகக் கலந்து நிற்கிறாள். கொள்ளையர்களை நல்லவர்கள் என்று இந்த நாவல் வாதாடவில்லை. அவர்கள் கொள்ளையடிப்பதை நாம் நேராகவே பார்க்கிறோம். ஆனால் அவர்கள் சாவது, அவர்கள் செய்த எதற்காகவும் அல்ல.

இது கற்பனைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. பகை நாடான பிரான்ஸின் கப்பல்களைப் பிடிக்கலாம் என்ற இங்கிலாந்து அரசரின் ஆணைச் சீட்டோடு கிளம்பிய வில்லியம் கிட், 1698இல் மலபார் கரைக்கு அப்பால் ‘குவேடா மெர்ச்சன்ட்’ கப்பலைப் பிடித்தான். பிரெஞ்சு அனுமதிச் சீட்டு வைத்திருந்த கப்பல் அது, ஆகவே பிடித்தது முறைதான் என்பது அவன் வாதம். வழக்கு நடந்தபோது அந்தச் சீட்டுகள் கைக்குக் கிடைக்கவில்லை. 1701இல் தூக்கிலிட்டார்கள். சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன. அதைக் கேட்ட அன்று அப்பா கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, “நான் என்ன சொன்னேன்?” என்றார்.

இன்னொன்றும் அவரைப் பேச்சில்லாமல் ஆக்கியது. 1722இல் இறந்த கொள்ளைத் தலைவன் பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலில் எழுதப்பட்ட விதிகள் இருந்தன. முடிவெடுக்க ஆளுக்கு ஒரு ஓட்டு. இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு. வாத்தியக்காரர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு. வேலையில் கை கால் இழந்தவனுக்கு பொதுப் பணத்திலிருந்து 800 டாலர். அப்பாவின் நண்பர் ஒருவருக்குக் கம்பிக் கயிற்றில் சிக்கி இரண்டு விரல் போயிருந்தது. “கொள்ளைக்காரன் கப்பல்லயா இது?” என்று அப்பா இரண்டு முறை கேட்டார். ஒரு நாவல் இந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினால், அது பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்பேன்.

சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வணிகம் செய்ததற்காகக் கம்பெனி வழக்குப் போட்டு அபராதம் வாங்கிக்கொடுத்த தாமஸ் பிட், 1698இல் அதே கம்பெனியின் ஆளுநராகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து 1709 வரை இருந்தார். அந்தப் பக்கம் மேற்குக் கரையில், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களை போர்ச்சுக்கீசியர்கள் கொள்ளையர் என்றே எழுதிவைத்தார்கள். நான்காவது குஞ்ஞாலியை 1600இல் கோவாவில் கொன்றார்கள். பட்டம் ஒரே கடலில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நம் ஊர் தானாகக் கட்டிய பட்டமும் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. உயர் நீதிமன்றச் சுவரில் இன்னும் நினைவுக் கல் இருக்கிறது. வங்கக் கடலில் அது மடக்கிய வணிகக் கப்பல்களின் ஆட்களைக் கேப்டன் முல்லர் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார். ஊரே மிரண்டு ஓடிய அந்தப் பெயரைத்தான் என் பாட்டி, நாலு ஆளை ஏமாற்றிக் காரியம் சாதிக்கிற பேரனுக்குச் செல்லமாக வைத்தாள்: “இவன் சரியான எம்டன்.”

தமிழில் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து போய், எதிரிகளின் காவல் மரமான கடம்பை வெட்டி, அதில் முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அந்த எதிரிகளைக் கடற்கொள்ளையர் என்று வரலாற்று நூல்களில் படித்திருக்கிறேன். பாடிய குமட்டூர்க் கண்ணனார் சேரனிடம் பரிசில் பெற்றவர். மரம் இழந்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த பாட்டு எதுவும் நம் கையில் இல்லை. தங்கள் மரத்தின் முரசை எதிரியின் கப்பலிலிருந்து கேட்டபடி ஒரு கிழவி கரையில் நிற்பதிலிருந்து அந்த நாவல் தொடங்கலாம்.